முதுகு தெரியும் ஷாட்

பாருங்க சார், நல்லா பாருங்க. ஜன்னலோர சீட்டு கேட்டு வாங்கிட்டு டிவியைப் பாக்கறீங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்லை, பஸ்ஸே அதைத்தான் பாக்குது. டிரைவர் ஒருத்தர்தான் ரோட்டைப் பாக்கறார், அவரும் கண்ணாடியில அப்பப்ப எட்டிப் பாக்கறாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். திருச்சி வரைக்குமா? நான் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, டோல்கேட்ல இறங்கணும். ஸ்ரீரங்கம்.

இந்தப் படத்துக்கு வசனம் யாருன்னு தெரியுமா? பேர் போட்டப்ப நீங்க தண்ணி பாட்டிலைத் திறந்துக்கிட்டு இருந்தீங்க. 'தமிழ் வசனம் எழில்மாறன்'னு வந்துச்சு. நான்தான். வீட்ல வச்ச பேரு கோதண்டபாணி. இந்தி, தெலுங்கு, ஒரு கொரியாக்காரன் படம்னு எல்லாம் சேர்த்து நூத்தி நாப்பது படம் தமிழ்ல பேச வச்சிருக்கேன். ஒண்ணைக்கூட முடிச்சப்புறம் உக்காந்து பார்த்ததில்லை. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாயா தின்னுட்டு இருப்பான்? இன்னிக்கு இந்த பஸ்ல மாட்டிக்கிட்டேன், வேற வழியில்லை.

குப்பை சார். நான் எழுதுன படத்தை நானே சொல்றேன், குப்பை. ஒரு பொண்ணு, உளவாளி. இஸ்தான்புல்ல ஆறு மாடி ஏறிக் குதிப்பா, குதிகால் செருப்பு கழலாது. நாப்பது பேரைச் சுடுவா, தலைமுடி ஒண்ணு கலையாது. இந்தியில அவ பேரு நைனா. நம்ம ஊர்ல நைனான்னு ஒருத்தி துப்பாக்கியோட வந்து நின்னா, அப்பா வந்துட்டாருன்னு தியேட்டர்ல சிரிப்பான். அதனால நீலான்னு மாத்துனேன். உதடு அசைவு சரியா உக்காரணும், ரெண்டு எழுத்துக்குள்ள அடங்கணும். அதுதான் மூளை. அவ ஊர் லக்னோ, அதைக் கும்பகோணம் ஆக்கிட்டேன். பின்னாடி கடை போர்டெல்லாம் இந்தியில தெரியுது, ஒருத்தனும் கேக்கலை. கேக்க மாட்டான். இவனுங்களுக்கு இது போதும்.

இந்தப் பக்கத்து சீட்டு அம்மா முறைக்கறாங்க. சரிம்மா, மெதுவாப் பேசறேன்.

இந்தப் பொண்ணோட குரல் எப்படி இருக்கு? நல்லா இருக்கா? நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அது என் சம்சாரம் சார். வனஜா. நம்ப மாட்டீங்களே. இருபத்தெட்டு வயசுப் பொண்ணுக்கு நாப்பத்தஞ்சு வயசுக்காரி பேசியிருக்கா. என் சிபாரிசுதான்.

சிபாரிசுன்னா, அது ஒரு கதை. கல்யாணத்துக்கு முன்னாடி அவ கதாநாயகிங்களுக்குப் பேசிட்டு இருந்தவ. ரெண்டு மூணு படம். கல்யாணம் ஆனதும் நான் சொன்னேன், வீட்ல ஒரு கலைஞன் போதும்னு. ஆனா சும்மா உக்கார வைக்கலை, எனக்கு அந்த மனசு கிடையாது. கும்பல் குரலுக்கு அனுப்பி வச்சேன். நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, சாவு வீட்ல அழறது, கலவரத்துல 'ஓடுங்க ஓடுங்க'ன்னு கத்தறது. பத்தொம்பது வருஷம் அழகா ஓடிட்டு இருந்தா. ஒரு குறையும் சொன்னதில்லை.

இந்தப் படத்துக்கு ஒரு சின்னப் பொண்ணைப் போட்டிருந்தாங்க. சண்டைக் காட்சிக்கு ஹா, ஹூன்னு ரெண்டு நாள் கத்துனதுல அதுக்குத் தொண்டை போயிடுச்சு. சவுண்ட் இன்ஜினியர் பென்னி சொன்னான், 'அக்கா, அடிக்கற சத்தம் மட்டும் குடுங்க'ன்னு. வனஜா புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு மைக் முன்னாடி நின்னா. கையை வேற ஓங்குறா. நான் வெளிய கண்ணாடி வழியாப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சேன். எட்டு பேரை அடிக்கற சீன், ஒரே டேக்ல முடிச்சுட்டா. பென்னி என்னைத் திரும்பிப் பார்த்து, 'அக்கா இவ்வளவு கோபத்தை எங்க சார் வச்சிருந்தாங்க'ன்னான். நான் சொன்னேன், கோபமெல்லாம் இல்லைப்பா, டெக்னிக். அப்புறம் முழுப் படமும் அவளையே பேச வச்சாங்க. நான் வேணாம்னு சொல்லலை. அதான் சிபாரிசுன்னு சொன்னேன்.

இருங்க, இந்த சீனைக் கவனிங்க. அவளை வேலைக்கு அனுப்பற சீஃப் சொல்றார் பாருங்க, 'போனா நீ திரும்பி வர மாட்டே நீலா'. இப்ப அவ சொல்லுவா. 'அப்ப ஒரு வழிக்கு மட்டும் டிக்கெட் போடுங்க சார்.' விசில் கேட்டுதா? பின்சீட்ல. அது என் வசனம். அதாவது, வனஜா கீரை ஆஞ்சுக்கிட்டே சொன்னது. ஆனா பேப்பர்ல எழுதுனது யாரு?

எங்க வேலை எப்படின்னு உங்களுக்குத் தெரியாது. ப, ம மாதிரி எழுத்துக்கு உதடு ஒட்டும். இந்திக்காரி உதடு ஒட்டற இடத்துல தமிழ்லயும் ஒட்டணும், அவ வாயைத் திறந்தா நாமளும் திறக்கணும். அதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். நான் சாப்பாட்டு மேசைல லேப்டாப்பை வச்சுப்பேன், வனஜா எதிர்ல உக்காருவா. நான் இந்தி வரிக்கு அர்த்தம் சொல்லுவேன். அவ திரையைப் பார்த்து ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பார்ப்பா. அஞ்சாறு விதமா சொல்லுவா. அதுல எது நல்லா இருக்கோ அதை நான் எழுதிப்பேன். செலக்‌ஷன் சார். செலக்‌ஷன்தான் கஷ்டம். சொல்றது யார் வேணா சொல்லலாம்.

ஒரு நாள் தவறுனதில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. எனக்கு ஒரு தெலுங்குப் படம் அவசரம், ஆஸ்பத்திரி பக்கம் போக முடியலை, அவ தங்கச்சி கூட இருந்தா. வீட்டுக்கு வந்த மூணாவது நாள் எதிர்ல உக்காந்துட்டா. உறுதியான உடம்பு.

இப்ப எங்கயா? அதுக்குத்தானே போறேன். ஸ்ரீரங்கத்துல அவ அண்ணன் வீட்ல இருக்கா. டப்பிங் முடிஞ்ச மறுநாள் ரெண்டு பையோட, 'ஒரு வாரம் இருந்துட்டு வரேன்'னு போனா. நாலு மாசம் ஆச்சு. போன் பண்ணா எடுக்கறா. 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கறா, 'வேலை இருக்கு வச்சிடறேன்'னு வச்சிடறா. சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். இது என்ன மாதிரி பழக்கம்னு புரியலை. எனக்குக் கடை டீயே குடிச்சுக் குடிச்சு வயிறு எரியுது. அடுப்புப் பக்கம் போற வழக்கம் எனக்கில்லை.

அவ இல்லாம முடியலைன்னு நினைச்சுடாதீங்க. இந்தக் கண்றாவிக்கு ரெண்டாம் பாகம் வேற எடுத்து வச்சிருக்கான். வர்ற பதினஞ்சாம் தேதிக்குள்ள தமிழ் குடுக்கணும். நாலு நாள் உக்காந்தேன், எட்டு வரி வந்திருக்கு. எதிர்ல ஆள் இல்லாம எப்படி உதடு பாக்கறது? முகம் பாக்கற கண்ணாடியை எடுத்து வச்சு நானே பேசிப் பார்த்தேன், என் மீசை மறைக்குது. கம்பெனில வேற, 'மேடம் ஊர்ல இருந்து வந்துட்டாங்களா, அவங்க வந்தாதான் ஆரம்பிப்போம்'ங்கறான். குரலுக்காகக் கேக்கறான். வசனத்துக்கு நான் இருக்கேனே. அவ வரலைன்னா வேற ஆளை வச்சு எழுதிக்கறோம்னும் ஒரு வார்த்தை சொன்னான். நான் காதுல போட்டுக்கலை.

மோட்டல் வந்துடுச்சு. நீங்க இறங்கலையா? நானும் இறங்கலை. இந்த மோட்டல் டீயைக் குடிக்கறதுக்கு சும்மா இருக்கலாம்.

அவ ஏன் போனான்னு கேக்கறீங்க. காரணமே இல்லைங்க. ஒரு சின்ன விஷயம், தொழில் விஷயம். இடைவேளைக்கு அப்புறம் ஒரு சீன் வரும், டீ சீன். நீலா எட்டு பேரைக் கொன்னுட்டு வீட்டுக்கு வரா. அவ புருஷன் காலேஜ் வாத்தியார், பொண்டாட்டி உளவாளின்னு அவனுக்குத் தெரியாது. எட்டு பேரைக் கொன்னுட்டு வந்தவ என்ன பண்ணுவா? டீ போடறா. இதுக்கு டைரக்‌ஷன்னு பேரு. புருஷன் கேக்கறான், 'எங்கே போயிருந்தே'ன்னு. அவ அடுப்பைப் பார்த்து நிக்கறா, நமக்கு முதுகுதான் தெரியும். இந்தியில அவ பதிலே சொல்றதில்லை. இருபத்தஞ்சு செகண்ட் சும்மா நிக்கறா. தண்ணி கொதிக்கற சத்தம் மட்டும்.

எங்க தொழில்ல ஒரு வசதி சார். முகம் தெரிஞ்சா இந்திக்காரனுக்கு அடிமை. முதுகு தெரிஞ்சா நாம ராஜா. வாய் தெரியாத இடத்துல என்ன வேணா போட்டு நிரப்பிக்கலாம். நம்ம ஜனங்களுக்கும் சும்மா நின்னா பிடிக்காது, கரண்ட் போயிடுச்சான்னு பார்ப்பான். நான் எழுதுனேன். 'என்னை மன்னிச்சிடுங்க. உங்ககிட்ட மறைச்சது பாவம்தான். நான் முதல்ல உங்க மனைவி, அப்புறம்தான் மத்ததெல்லாம். உங்க காலடியே எனக்கு சொர்க்கம்.' எப்படி? குடும்பப் பொம்பளைங்க கண்ணுல தண்ணி வந்துடும்.

வனஜா அதைப் படிச்சுட்டு மைக்கை விட்டுத் தள்ளி நின்னுட்டா. 'இவ ஏங்க மன்னிப்பு கேக்கணும்'ங்கறா. உள்ள இருந்து. எல்லாருக்கும் ஹெட்போன்ல கேக்குது. நான் இந்தப் பக்கம் மைக்கை அழுத்தி ஒரு ஜோக் அடிச்சேன். 'வனஜா, உன்னைக் கூப்பிட்டது வாய்க்கு. மூளை இங்க இருக்கு. எழுதுனதைப் பேசு போதும்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. பென்னி சிரிக்கலை, அவனுக்கு நகைச்சுவையே புரியாது. வனஜா மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டா. நான் கீழ டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாக்கறேன், 'ஓகே ஆயிடுச்சு சார்'னான் பென்னி. அவ்வளவுதான். இதுக்கு ஒருத்தி அண்ணன் வீட்டுக்குப் போவாளா? வேற ஏதோ இருக்கும், வயசு அப்படி.

ஆனா அந்த சீன் சார், அந்த சீன் எனக்கு எவ்வளவு பேரு வாங்கிக் குடுத்துச்சு தெரியுமா. ரோட்ல நிறுத்திச் சொல்றாங்க, 'டீ சீன்ல நீங்க எழுதுனது அப்படியே நெஞ்சைக் கிழிச்சுடுச்சு சார்'னு. எங்க தெரு டெய்லர், அந்தாளு எனக்கு வணக்கம் வைக்க மாட்டான், அவன் சம்சாரம் வந்து கையைக் கூப்பிக் கும்பிட்டுப் போகுது. ஒரு பொம்பளைங்க காலேஜ்ல கூப்பிட்டுப் பேசச் சொன்னாங்க, அந்த வசனத்தைப் பத்தி மட்டும். சால்வையெல்லாம் போட்டாங்க. நான் எழுந்து சொன்னேன், 'மன்னிப்பு கேக்கறது பொண்ணுக்கு அழகு, அதைத்தான் அந்தக் காட்சியில வச்சிருக்கேன்'னு. ஒரு மூலையில சிரிக்க ஆரம்பிச்சு மண்டபமே சிரிக்குது. நான் கிண்டலாச் சொல்றேன்னு நினைச்சுடுச்சுங்க. இந்தக் காலத்துப் பொண்ணுங்க. நானும் கூடச் சிரிச்சுட்டு உக்காந்துட்டேன்.

பஸ் கிளம்பிடுச்சு. டீ சீன் வர இன்னும் பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள ஒண்ணு காட்டறேன். வேற யார்கிட்டயும் காட்டலை.

இந்தப் பேப்பர். நேத்து எழுதுனேன். 'சீன் ஒன்று. ஸ்ரீரங்கம், மச்சான் வீடு, பகல், உள்ளே.' தொழில் பழக்கம். நான் என்ன பேசணும்னு இந்தப் பக்கம். அவ என்ன சொல்லுவான்னு அந்தப் பக்கம். நான், 'கிளம்பு வனஜா. நடந்ததை மறந்துட்டேன்.' அவ, கண் கலங்கி, 'நான்தாங்க அவசரப்பட்டுட்டேன்.' நான், 'பரவாயில்லை. ரெண்டாம் பாகத்துல உனக்கு நல்ல சீன் எழுதறேன்.' அவ, 'நீங்க எழுதுனா போதுங்க. எனக்கு வேற என்ன வேணும்.' அப்புறம் அவ பை எடுத்துட்டு வரணும். மச்சான் காபி குடுத்தா குடிக்கறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. எப்படி இருக்கு? சுருக்கமா இருக்கில்ல?

சரி, அதை விடுங்க, வந்துடுச்சு. வீட்டுக்குள்ள வரா பாருங்க. முழங்கைல ரத்தம், லிப்ஸ்டிக் அப்படியே இருக்கு. அடுப்பு பத்த வைக்கறா. புருஷன் பேப்பர் படிக்கறான். 'எங்கே போயிருந்தே நீலா?' முதுகு. இப்ப கேளுங்க. என் வசனம்.

'பத்தொம்பது வருஷத்துல இன்னிக்குத்தான் கேக்கறீங்க, எங்கே போயிருந்தேன்னு. ஆஸ்பத்திரிக்குப் போனப்ப கேக்கலை. உங்க எதிர்லயே உக்காந்துக்கிட்டு எங்கயோ போயிருந்தேனே, அப்ப கேக்கலை. இப்பவும் டீ வரலைன்னுதான் கேக்கறீங்க. கொதிக்குது. இறக்கி வடிகட்டிக்கத் தெரியுமா உங்களுக்கு?'

சார்.

இது நான் எழுதுனது இல்லை.

இல்லை சார், நான் எழுதலை. நீங்க கேட்டீங்கல்ல? காலடி, சொர்க்கம் எல்லாம் எங்க போச்சு? பத்தொம்பது வருஷமாம். எப்படி வரும் பத்தொம்பது வருஷம்? அந்தப் பொண்ணுக்கு இருபத்தெட்டு வயசு. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம்னு ஆரம்பத்துலயே சொல்றோம். அப்ப ஒன்பது வயசுல கட்டிக்கிட்டாளா? அவ எப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா? கதைல ஆஸ்பத்திரியே கிடையாது. கணக்கு உதைக்குது, ஒரு பயலும் கவனிக்கலை. தியேட்டர்ல கவனிக்கலை, டிவியில போட்டப்ப கவனிக்கலை. பென்னிக்கு மண்டையில என்ன இருந்துச்சு? ஓகேன்னான் சார் என்கிட்ட. முகத்தைப் பாக்காம சொன்னான்.

இந்தம்மா ஏன் அழறாங்க? சண்டைப் படத்துல என்னம்மா அழுகை?

உதடு தெரியலை பாருங்க. தெரிஞ்சிருந்தா கண்டுபிடிச்சிருக்கலாம். எல்லாம் முதுகு தெரியற தைரியம். நான் சொல்லிக் குடுத்ததுதான். முதுகு தெரிஞ்சா என்ன வேணா போட்டுக்கலாம்னு அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தது? நான்தான்.

அதான் அந்தக் காலேஜ் பொண்ணுங்க சிரிச்சுச்சுங்களா. நானும் கூடச் சிரிச்சேனே சார். சால்வையோட. அந்த டெய்லர் சம்சாரம் கையைக் கூப்புதே, அது எனக்கில்லை. படம் வந்ததுல இருந்து ஊரே கேட்டிருக்கு. நான் ஒருத்தன்தான் இன்னிக்குக் கேக்கறேன்.

எனக்கு அசிங்கமா இருக்கு சார்.

இல்லை, தண்ணி வேணாம். நீங்க படம் பாருங்க. அடுத்தது ஹெலிகாப்டர் வரும், உங்களுக்குப் பிடிக்கும்.

என்ன ஊரு இது, பாடாலூரா? அப்ப சமயபுரம் வந்துடும். அடுத்தது டோல்கேட்.

பேனா இருக்கா? குடுங்க. என் பேனா மை கசியுது. இல்லை, என் வரியைத் தொடலை. அவ வரியைத்தான் அடிக்கறேன். 'அவசரப்பட்டுட்டேன்', அடிச்சாச்சு. 'நீங்க எழுதுனா போதும்', அதுவும். கண் கலங்கின்னு போட்டிருக்கேன், என்ன புத்தி பாருங்க. அவ எங்க கண் கலங்கியிருக்கா? நான் பார்த்ததில்லை. கலங்கியிருந்தா நான் உதட்டைப் பார்த்துட்டு இருந்திருப்பேன்.

இந்தப் பக்கம் இப்ப காலி. காலி இடம் இருந்தா நிரப்பறதுதான் என் தொழில், முப்பது வருஷத் தொழில். என்ன எழுதறதுன்னு தெரியலை. அவளை எதிர்ல நிறுத்திப் பாக்கலாம்னு கண்ணை மூடுனா, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நிக்கறா சார்.

நீங்க தனியாத்தான் இருக்கீங்களா? ரூம்ல நாலு பேரா? அப்ப டீ யார் போடுவா? நீங்களேவா. பெரிய வித்தைன்னு சொல்லிக்காதீங்க, உலகத்துல எல்லாரும் போடறதுதான். முதல்ல தண்ணியா, பாலா? சிரிக்காம சொல்லுங்க. ரெண்டு பேருக்கு எவ்வளவு? எப்ப இறக்கணும்னு எப்படித் தெரியும்? மெதுவா சொல்லுங்க, பஸ் குலுங்குது, எழுதிக்கறேன். வேற பேப்பர் வேணாம். அவ பக்கம் முழுக்க இடம் இருக்கு.